சுவிட்ச் மாட்டிய பிறகு நெட் வரவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரூட்டரில் உள்ள போர்ட்டெல்லாம் நிரம்பிப்போய், ஐந்து அல்லது எட்டு போர்ட் நெட்வொர்க் சுவிட்ச் ஒன்றை வாங்கி மாட்டியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சுவிட்ச் என்று இங்கே சொல்வது பெரும்பாலும் சாதாரண வகையை. உள்ளே நுழைந்து மாற்ற எந்த அமைப்பும் அதில் இருக்காது. மின்சாரம் கொடுத்தால் வேலை செய்யும். ஸ்மார்ட், மேனேஜ்டு என்று விற்கும் வகைகள் எங்கே வேறுபடுகின்றனவோ அங்கே தனியாகச் சொல்கிறேன்.

படிக்கும் முன் ஒரு வார்த்தை. வீட்டு நெட்வொர்க்கில் வீண்பழி அதிகம் சுமப்பது சுவிட்ச்தான். அதன் வேலை மிகச் சிறியது: எந்தக் கருவியின் மேக் முகவரி (கருவிக்கென்று உள்ள அடையாள எண்) எந்த போர்ட் பக்கம் இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு, வரும் தரவை அந்தப் பக்கம் தள்ளிவிடுவது. அதில் கெட்டுப்போக அதிகம் இல்லை. கேபிள், அடாப்டர், மாட்டிய விதம், ரூட்டர் ஆகிய நாலையும் விசாரித்துவிட்டு அதனிடம் போங்கள்.

ரூட்டரிலிருந்து வரும் கேபிளை சுவிட்சின் எந்த போர்ட்டில் செருக வேண்டும்? முதல் போர்ட்டில்தானா?

எதில் வேண்டுமானாலும். பழைய சுவிட்சுகளில் ‘அப்லிங்க்’ என்று ஒரு போர்ட் தனியாக இருக்கும், அல்லது உள்ளே கம்பிகள் மாற்றிப் போட்ட கிராஸ்ஓவர் கேபிள் தேவைப்படும். இப்போது விற்பனையில் உள்ள சுவிட்சுகள் எதிர்முனையைப் பார்த்துத் தாமே சரிசெய்துகொள்கின்றன.

கவனிக்க வேண்டியது ரூட்டர் பக்கம். கேபிள் அங்கே, வீட்டுக் கருவிகளுக்கான லேன் (LAN) போர்ட்டில் இருக்க வேண்டும். வேன் (WAN) போர்ட் வழக்கமாக வேறு நிறத்தில், சற்றுத் தள்ளி இருக்கும். அது இணைய நிறுவனத்தின் மோடத்திலிருந்து வரும் கேபிளுக்கு உரியது. சுவிட்ச் கேபிளை அதில் செருகினாலும் லைட் எரியும் என்பதால்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

எல்லாம் மாட்டியாயிற்று, நெட் வரவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

லைட்டிலிருந்து. சுவிட்சில் ரூட்டர் கேபிள் இருக்கும் போர்ட்டைப் பாருங்கள். லைட் எரியவே இல்லை என்றால் ஐபி முகவரி, டிஎன்எஸ் (இணையதளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை) என்று எதையும் யோசிக்க வேண்டாம். இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே தொடர்பே உண்டாகவில்லை. கேபிளின் இரு முனைகளையும் கழற்றி, ‘க்ளிக்’ என்று கேட்கும்வரை அழுத்திச் செருகுங்கள். பிறகும் இருட்டாகவே இருந்தால் முதலில் கேபிளை மாற்றுங்கள். அடுத்து ரூட்டரில் வேறு லேன் போர்ட். அதற்கும் அடுத்துதான் சுவிட்சில் வேறு போர்ட்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். அவசரத்தில் கேபிளையும் போர்ட்டையும் சேர்த்து மாற்றி, நெட் வந்துவிட்டால் அப்போதைக்கு நிம்மதிதான். ஆனால் கெட்டது எது என்று தெரியாமல் அந்தக் கேபிள் மறுபடி டிராயருக்குள் போகும், ஆறு மாதம் கழித்து வேறொரு கருவியின் பின்னால் வந்து உட்காரும்.

லைட் எரிகிறது, இருந்தும் நெட் இல்லை என்றால் சுவிட்சை நடுவிலிருந்து எடுத்துவிடுங்கள். கணினியின் கேபிளை நேராக ரூட்டரின் லேன் போர்ட்டில் செருகிப் பாருங்கள். அங்கேயும் வரவில்லை என்றால் சுவிட்சுக்கு விடுதலை. குறை கணினியில், அதன் கேபிளில், அல்லது ரூட்டரில். அங்கே வருகிறது என்றால் குறை சுவிட்சிலோ, ரூட்டருக்கும் சுவிட்சுக்கும் இடையே ஓடும் கேபிளிலோ இருக்கிறது. அந்த இடைக்கேபிளைச் சுவிட்சிலிருந்து உருவி ஒரு லேப்டாப்பில் நேராகச் செருகினால் மீதிச் சந்தேகமும் தீர்ந்துவிடும்.

லைட் எரிகிறது. ஆனால் கணினி ‘இணையம் இல்லை’ என்கிறது. ஐபி முகவரி 169.254 என்று தொடங்குகிறது. இது என்ன?

கணினி ‘எனக்கு ஒரு முகவரி கொடுங்கள்’ என்று கேட்டிருக்கிறது. யாரும் பதில் சொல்லவில்லை. அதனால் அதுவே தனக்கு ஒரு தற்காலிக முகவரி வைத்துக்கொண்டது. 169.254 என்ற வரிசை இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. வீட்டில் முகவரி கொடுக்க வேண்டியவர் ரூட்டர், அதன் டிஎச்சிபி சேவை வழியாக. சாதாரண சுவிட்ச் முகவரி கொடுக்காது, வாங்கவும் வாங்காது.

ஆக, கணினியின் கேள்வி ரூட்டரை எட்டவில்லை, அல்லது ரூட்டர் பதில் தரும் நிலையில் இல்லை. அதே சுவிட்சில் உள்ள மற்றக் கருவிகள் நன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். எல்லாமே தவிக்கின்றன என்றால் ரூட்டர் கேபிள் பக்கம் போங்கள். ஒன்று மட்டும்தான் என்றால் அந்தக் கருவியின் கேபிளையும், அதில் யாராவது கைப்பட நிலையான ஐபி போட்டு வைத்திருக்கிறார்களா என்பதையும் பாருங்கள். அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு வந்த லேப்டாப்புகளில் இது அதிகம்.

இன்னொன்று, பலருக்குத் தோன்றாதது: ரூட்டரிடம் இருக்கும் முகவரிகள் தீர்ந்துபோயிருக்கலாம். டிஎச்சிபி வரம்பை 192.168.1.100 முதல் 120 வரை என்று யாராவது குறுக்கி வைத்திருந்தால் மொத்தம் 21 கருவிகள்தான். போன், டிவி, கேமரா, பல்பு என்று எண்ணிப் பாருங்கள், சீக்கிரம் நிரம்பிவிடும்.

முகவரி சரியாக இருந்தும் நெட் இல்லை என்றால் எதிர்முனை பதில் சொல்கிறதா என்று பார்க்கும் பிங் (ping) கட்டளையால் படிப்படியாகப் போங்கள். முதலில் ரூட்டரின் முகவரி, பிறகு 8.8.8.8 (இணையத்தில் உள்ள கூகுள் சர்வர் ஒன்றின் முகவரி), பிறகு ஏதாவது ஒரு இணையதளத்தின் பெயர். ரூட்டர் பதில் சொன்னாலே சுவிட்ச் தன் வேலையைச் செய்துவிட்டது என்று அர்த்தம். ரூட்டர் பேசுகிறது, 8.8.8.8 பேசவில்லை என்றால் தகராறு ரூட்டருக்கு அப்பால். எண் வேலை செய்து பெயர் வேலை செய்யவில்லை என்றால் டிஎன்எஸ்.

300 எம்பிபிஎஸ் திட்டம். சுவிட்ச் வழியாக 94-க்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது. சுவிட்ச் வேகத்தைக் குறைக்கிறதா?

94 என்ற எண்ணே குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கிறது. வழியில் ஏதோ ஓர் இடத்தில் இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸில் ஒப்பந்தமாகியிருக்கிறது. அதில் தலைப்புத் தகவல்களுக்கும் இடைவெளிக்கும் போக, கையில் கிடைப்பது 94, 95 அளவுதான். கிகாபிட்டில் இதே கணக்கில் 940 சுமார் வரும்.

முதலில் பெட்டிகளைப் பாருங்கள். சுவிட்சின் அடியில் 10/100 என்று மட்டும் அச்சிட்டிருந்தால் அதனிடம் அதற்கு மேல் கேட்க முடியாது. ரூட்டரையும் பாருங்கள், வைஃபை வேகத்தைப் பெரிய எழுத்தில் விளம்பரப்படுத்திவிட்டு, லேன் போர்ட்டை 100-ஆகவே வைத்திருக்கும் மாடல்கள் உண்டு. பழைய டிவிகளிலும் பெரும்பாலும் 100 போர்ட்தான், அதை என்ன செய்தாலும் ஏற்ற முடியாது. வீடியோ பார்க்க அது போதும்.

எல்லாமே கிகாபிட் என்றால் கேபிள்தான். ஈதர்நெட் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நாலு ஜோடிகளாக முறுக்கியிருக்கும். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1, 2, 3, 6 ஆகிய நாலு கம்பிகள் போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். 4, 5, 7, 8-இல் ஒன்று அறுந்திருந்தாலோ சரியாகக் கடிபடாமல் இருந்தாலோ, பல கருவிகள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். நெட் வரும், லைட் எரியும், யாருக்கும் சந்தேகமே வராது. சுவிட்சில் லைட்டின் நிறம் வேகத்தைக் காட்டும் மாடல் என்றால் அதிலேயே தெரிந்துவிடும். எந்த நிறம் எந்த வேகம் என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும், பெட்டியில் வந்த தாளைப் பாருங்கள். கணினியில் நெட்வொர்க் அமைப்புக்குள் இணைப்பு வேகம் என்ற இடத்திலும் 100/100, 1000/1000 என்று காட்டும்.

சொந்தமாக முனை அடித்தவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி என்று அழகாக வரிசைப்படுத்தி இரு முனையிலும் ஒரே மாதிரி அடித்துவிடுவார்கள். மலிவான டெஸ்டரில் 1 முதல் 8 வரை எல்லாப் பச்சை லைட்டும் வரும். ஆனால் 3-உம் 6-உம் ஒரே ஜோடியில் இருக்க வேண்டும். இந்த வரிசையில் அவை வெவ்வேறு ஜோடிக்குப் போய்விடுகின்றன. முறுக்கினால் கிடைக்கும் பாதுகாப்பு போய், ஒரு கம்பியின் சமிக்ஞை இன்னொன்றில் கசியும். குறுகிய கேபிளில் தப்பித்துவிடலாம்; நீளம் கூடினால் வேகம் தள்ளாடும், இணைப்பு விட்டுவிட்டு வரும். சரியான வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடி நீலத்தைத் தாண்டிப் போய் உட்காருகிறது பாருங்கள், அதுதான் விஷயம்.

கேபிளின் உறையில் கேட்5ஈ அல்லது கேட்6 என்று அச்சிட்டிருந்தால் வீட்டுக்குத் தாராளம். கேட்5ஈ 100 மீட்டர் வரை கிகாபிட்டைத் தாங்கும். கேட்8 வாங்கச் சொல்லி யாராவது வற்புறுத்தினால் கேட்டுக்கொள்ளுங்கள், வாங்க வேண்டாம். ஆனால் அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசிய மலிவுக் கேபிளைத் தவிருங்கள். முழுச் செம்பைவிட அதற்கு மின்தடை அதிகம், வளைத்தால் சீக்கிரம் ஒடியும்.

கணினியில் வேகத்தை ‘100 ஃபுல் டூப்ளெக்ஸ்’ என்று கட்டாயப்படுத்தினால் நிலையாக இருக்கும் என்கிறார்களே?

வேண்டாம். ஃபுல் டூப்ளெக்ஸ் என்றால் ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும் முடியும், ஹாஃப் என்றால் மாறிமாறித்தான். ஒரு பக்கம் கட்டாயம், மறுபக்கம் தானியங்கி என்றால், தானியங்கிப் பக்கத்தால் வேகத்தைக் கண்டுபிடிக்க முடியும், டூப்ளெக்ஸைக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் அது ஹாஃப் டூப்ளெக்ஸ் என்று எடுத்துக்கொள்ளும். பிங் அழகாக வரும், பெரிய கோப்பு நத்தையாய் நகரும். சாதாரண சுவிட்சில் அந்தப் பக்கத்தை நீங்கள் மாற்றவும் வழியில்லை. தானியங்கியிலேயே விடுங்கள்.

திடீரென்று வீடு முழுக்க நெட் நின்றுவிட்டது, வைஃபை உட்பட. சுவிட்சில் எல்லா லைட்டும் ஒன்றாக வெறிபிடித்ததுபோல் மின்னுகின்றன.

வளையம். கேபிளின் இரு முனையும் ஒரே சுவிட்சில் செருகப்பட்டிருக்கிறது, அல்லது ரூட்டருக்கும் சுவிட்சுக்கும் நடுவே இரண்டு கேபிள்கள் ஓடுகின்றன. சுத்தம் செய்யும்போது தொங்கிக்கொண்டிருந்த முனையைப் பார்த்து ‘கழன்றுவிட்டது போலிருக்கிறது’ என்று நல்லெண்ணத்தில் யாரோ செருகியிருப்பார்கள். ‘இரண்டு கேபிள் போட்டால் வேகம் இரட்டிப்பாகும்’ என்று நம்பிச் செய்பவர்களும் உண்டு. அதற்கு இரு பக்கமும் ஆதரவும் அமைப்பும் வேண்டும், சாதாரண சுவிட்சில் அது கிடையாது.

ஒரு கருவி எல்லோருக்குமாக அனுப்பும் செய்தியை, சுவிட்ச் வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லா போர்ட்டுக்கும் அனுப்பும். வளையம் இருந்தால் அந்தச் செய்தி சுற்றி மறுபடி உள்ளே வரும், மறுபடி எல்லோருக்கும் போகும். ஐபி பொட்டலத்துக்கு ‘இத்தனை தாவலுக்குப் பிறகு செத்துப்போ’ என்ற ஆயுள் எண் உண்டு. கேபிளில் அதைச் சுமந்து போகும் ஈதர்நெட் சட்டகத்துக்கு (frame) அப்படி எதுவும் கிடையாது. நிறுத்த ஆளில்லாமல் அது சுற்றிக்கொண்டே இருக்கும், நொடிகளில் கேபிள் முழுவதும் அதுவே நிரம்பிவிடும். வைஃபையும் அதே லேனின் தொடர்ச்சி என்பதால் அதுவும் மூச்சுத் திணறும்.

ஆற அமர ஆராய வேண்டாம். சுவிட்சிலிருந்து எல்லாக் கேபிள்களையும் உருவிவிட்டு, ரூட்டர் கேபிளை முதலில் செருகி, பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வாருங்கள். எதைச் செருகியதும் லைட்டுகள் மறுபடி ஆடுகின்றனவோ அதன் மறுமுனை எங்கே போகிறது என்று கேபிளைப் பிடித்துக்கொண்டே போங்கள். ரூட்டருக்கும் சுவிட்சுக்கும் இடையே ஒரே ஒரு கேபிள் என்ற விதியை மட்டும் மீறாதீர்கள்.

மெஷ் வைஃபை (பல பெட்டிகள் சேர்ந்து வீடு முழுக்க வைஃபை தரும் ஏற்பாடு) வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். துணைப்பெட்டி வைஃபை வழியாகவும் தாய்ப்பெட்டியுடன் பேசி, சுவிட்ச் கேபிள் வழியாகவும் பேசினால் அதுவும் ஒரு வளையம்தான். நல்ல மெஷ் இதைத் தானே உணர்ந்து ஒரு வழியை அடைத்துவிடும். கேபிள் வழி இணைப்பை ஆதரிக்காத மாடல்களில் பிரச்சினை வரும்.

மோடத்தை நேராகச் சுவிட்சில் போட்டுவிட்டேன். ஒரு கணினியில் மட்டும் நெட் வருகிறது, மற்றவற்றில் இல்லை.

எதிர்பார்க்க வேண்டியதுதான். இணைய நிறுவனம் வழக்கமாக ஒரு வீட்டுக்கு ஒரு பொது ஐபி முகவரிதான் தரும். முதலில் கேட்டவருக்கு அது போய்விட்டது. அந்த ஒன்றைப் பலருக்கும் பகிர்வது ரூட்டரின் வேலை, சுவிட்சுக்கு அது தெரியாது. மோடம், ரூட்டர், சுவிட்ச், கருவிகள் என்ற வரிசைதான் சரி. உங்கள் மோடத்துக்குள்ளேயே ரூட்டரும் இருந்தால் நடுவில் தனிப்பெட்டி தேவையில்லை.

பழைய வைஃபை ரூட்டர் ஒன்று சும்மா கிடக்கிறது. அதையே சுவிட்சாகப் பயன்படுத்தலாமா?

தாராளமாக. செய்ய வேண்டியவை மூன்று. அதன் டிஎச்சிபி சேவையை நிறுத்துங்கள். அதன் லேன் ஐபியை மாற்றுங்கள். முதல் ரூட்டர் 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 போல, டிஎச்சிபி வரம்புக்கு வெளியே. கேபிளை அதன் லேன் போர்ட்டில் செருகுங்கள், வேனில் அல்ல.

டிஎச்சிபியை நிறுத்த மறந்தால் வரும் தொல்லை விசித்திரமானது. காலையில் வேலை செய்த லேப்டாப்புக்கு மாலையில் நெட் இருக்காது, மறுதொடக்கம் செய்தால் வரும், போனில் வராது. யாருக்கு எந்த ரூட்டர் முந்திக்கொண்டு முகவரி தந்ததோ அதைப் பொறுத்தது அவரவர் விதி. பழைய ரூட்டரை வழிவாசலாக நம்பியவர்களுக்கு வெளியே போக வழியில்லை. வீட்டில் யாருக்கு எப்போது நெட் போகும் என்று சொல்லவே முடியாத நிலை வந்தால் இரண்டாவது டிஎச்சிபியைத் தேடுங்கள்.

அவ்வப்போது இணைப்பு அறுந்து, சில நொடிகளில் தானே வந்துவிடுகிறது.

எல்லா போர்ட்டும் ஒரே நேரத்தில் அணைந்து எரிகின்றனவா, ஒன்று மட்டுமா என்று முதலில் பாருங்கள். எல்லாமே என்றால் சுவிட்ச் மறுதொடக்கம் ஆகிறது, அதாவது மின்சாரம். அடாப்டர் பிளக் தளர்ந்திருக்கலாம். அடாப்டரே வயதாகிச் சுமை ஏறும்போது மின்னழுத்தத்தை விட்டுக்கொடுக்கலாம். மாற்றும்போது வோல்ட் அதே எண்ணாக இருக்க வேண்டும், ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், முனையின் பிளஸ்-மைனஸ் படமும் பொருந்த வேண்டும். 5 வோல்ட் சுவிட்சில் ரூட்டரின் 12 வோல்ட் அடாப்டரைச் செருகுவதுதான் வீட்டில் சுவிட்ச் சாகும் சுலபமான வழி. இரண்டு பிளக்கும் ஒரே மாதிரி இருக்கும் என்பது பெரிய அநியாயம்.

ஒரு போர்ட் மட்டும் என்றால் கேபிள், அதிலும் பூட்டும் நாக்கு ஒடிந்த முனை. மாற்றியும் தீரவில்லை என்றால் கணினியின் நெட்வொர்க் கார்டு அமைப்பில் ‘எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட்’ என்பதை அணைத்துப் பாருங்கள். வேலை இல்லாத நேரத்தில் மின்சாரம் சேமிக்கும் ஏற்பாடு அது. சில கார்டும் சில சுவிட்சும் அதில் ஒத்துப்போவதில்லை.

லேப்டாப்பை அணைத்துவிட்டு, டாக்கை (லேப்டாப்புக்குக் கூடுதல் போர்ட்டுகள் தரும் பெட்டி) மட்டும் செருகியே வைத்தால் சுவிட்சில் உள்ள எல்லாமே நிற்கிறது. நம்பமுடியவில்லை.

நம்பலாம். ‘கொஞ்சம் பொறு, எனக்கு அனுப்பாதே’ என்று சொல்ல ஈதர்நெட்டில் ‘பாஸ்’ (pause) சட்டகம் என்று ஒன்று உண்டு. சில யூஎஸ்பி டாக்குகளும் அடாப்டர்களும், கேட்க எதிரே கணினி இல்லாதபோது இதையே ஓயாமல் அனுப்பிக்கொண்டிருக்கும். மலிவான சுவிட்ச் அதற்கு மரியாதை கொடுத்து மற்றவர்களையும் நிறுத்திவைத்துவிடும். டாக்கின் மென்பொருளைப் புதுப்பியுங்கள். அது முடியாவிட்டால், டிரைவர் அமைப்பில் ‘ஃப்ளோ கன்ட்ரோல்’ என்பதை அணையுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் லேப்டாப்பை அணைக்கும்போது கேபிளையும் உருவிவிடுவதுதான் வழி.

கேமராவைச் சுவிட்சில் செருகினேன், உயிரே வரவில்லை.

அது கேபிள் வழியாகவே மின்சாரம் வாங்கும் பிஓஇ கேமராவாக இருக்கும். சாதாரண சுவிட்ச் மின்சாரம் தராது. பிஓஇ சுவிட்ச் வேண்டும், அல்லது நடுவில், கேபிளில் மின்சாரம் ஏற்றும் ஓர் இன்ஜெக்டர். 802.3ஏஎஃப் தரத்தில் ஒரு போர்ட் 15.4 வாட் வரை தரும், 802.3ஏடி என்றால் 30 வாட். இந்தத் தரப்படி நடக்கும் கருவி, எதிரே இருப்பது மின்சாரம் கேட்கும் கருவிதானா என்று சோதித்துவிட்டுத்தான் கொடுக்கும். ‘பாசிவ்’ என்று எழுதிய இன்ஜெக்டர் சோதிக்காது. தவறுதலாக அதன் முனையை லேப்டாப்பில் செருகினால் போர்ட் போய்விடலாம்.

ஐபி டிவி பெட்டி ரூட்டரில் வேலை செய்கிறது, சுவிட்சில் இல்லை.

சில நிறுவனங்கள் டிவிக்கென்று ரூட்டரில் ஒரு குறிப்பிட்ட போர்ட்டைத் தனி விலேனாக (VLAN, ஒரே பெட்டிக்குள் தனியாகப் பிரித்த நெட்வொர்க்) பிரித்துவைத்திருக்கும். அந்தப் பெட்டியை அந்த போர்ட்டிலேயே விட்டுவிட்டு, மற்றவற்றைச் சுவிட்சுக்கு நகர்த்துவது எளிது. இடமில்லை என்றால் விலேன் புரியும் ஸ்மார்ட் சுவிட்ச் வேண்டும். வேறு வீடுகளில் டிவி ஓடும், ஆனால் டிவி ஓடும்போது மற்றவை மந்தமாகும். ஒளிபரப்பை சுவிட்ச் எல்லா போர்ட்டுக்கும் கொட்டுகிறது. ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் வசதியுள்ள சுவிட்ச் கேட்ட போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும்.

ஸ்மார்ட் சுவிட்ச் போட்டதும் ரூட்டரின் பக்கம் திறக்கவில்லை.

இரண்டுக்கும் ஒரே ஐபி. 192.168.0.1 போன்ற முகவரியோடு வரும் ஸ்மார்ட் சுவிட்சுகள் உண்டு, பல ரூட்டர்களுக்கும் அதே முகவரி. சுவிட்சை ரூட்டரிலிருந்து பிரித்து, கணினியை மட்டும் அதில் இணைத்து, கணினிக்கு 192.168.0.50 போல ஒரு நிலையான ஐபி கொடுத்து, சுவிட்சின் முகவரியை மாற்றிவிட்டு மறுபடி மாட்டுங்கள். முடிந்ததும் கணினியைத் தானியங்கிக்குத் திருப்ப மறக்க வேண்டாம்.

ஒரு சுவிட்சிலிருந்து இன்னொரு சுவிட்ச், அதிலிருந்து இன்னொன்று என்று போகலாமா?

போகலாம். ஒவ்வொன்றும் சேர்க்கும் தாமதம் கிகாபிட்டில் மைக்ரோநொடிக் கணக்கு. ஆனால் பின்னால் உள்ள எல்லோரும் ரூட்டருக்குப் போக முன்னால் உள்ள ஒரே கேபிளைத்தான் பகிர்கிறார்கள். முடிந்தால் ஒவ்வொரு சுவிட்சையும் தனித்தனியாக ரூட்டருக்கே கொண்டுவாருங்கள்.

சுவிட்சை ரீசெட் செய்வது எப்படி? பொத்தானே இல்லையே.

அடாப்டரைப் பிடுங்கி, அரை நிமிடம் பொறுத்துச் செருகுங்கள். அவ்வளவுதான். அழிக்க வேண்டிய அமைப்பு எதுவும் உள்ளே இல்லை. மேக் முகவரிப் பட்டியல் மட்டும் இருக்கும், அதுவும் உடனே புதிதாகச் சேர்ந்துவிடும். முழு வீட்டையும் மறுதொடக்கம் செய்வதென்றால் மோடம், ரூட்டர், சுவிட்ச், கருவிகள் என்ற வரிசையில் செய்யுங்கள்.

சுவிட்சே கெட்டுவிட்டது என்று எப்போது முடிவு கட்டலாம்?

வேறிடத்தில் நன்றாக வேலை செய்யும் கேபிளும் கருவியும் ஒரு குறிப்பிட்ட போர்ட்டில் மட்டும் தொடர்ந்து மறுத்தால் அந்த போர்ட் போய்விட்டது. இடி மின்னலுக்குப் பிறகு இப்படி ஒன்றிரண்டு போர்ட் மட்டும் சாவது உண்டு. மற்ற போர்ட்டுகள் ஓடினால் செத்ததன் மேல் ஒரு டேப் ஒட்டிவிட்டுப் பயன்படுத்தலாம், அதிக நாள் நம்ப மாட்டேன். அடுத்த கட்டடத்துக்குக் கேபிள் இழுத்திருந்தால் அந்தப் பகுதியை ஃபைபராக மாற்றுவதே பாதுகாப்பு; கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது.

பவர் லைட்டே இல்லை என்றால், தூக்கிப்போடும் முன் அதே வோல்ட் உள்ள வேறொரு அடாப்டரால் ஒருமுறை முயன்று பாருங்கள். எல்லாக் கேபிளையும் உருவிய பிறகும் லைட்டுகள் தாமாக மின்னினால், அல்லது பெட்டி தொடமுடியாத சூட்டில் இருந்தால், வேறு எதையும் சோதிக்க வேண்டாம், மாற்றிவிடுங்கள்.